வீட்டில் ஆக்சிஜன்: இதய நோயுற்ற ஸ்பிட்ஸ் நாய் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

நோயாளி

சென்னை வேளச்சேரியில் ஓர் அடுக்ககத்தின் முதல் மாடியில் வளர்ந்த, 11 வயதான, 8 கிலோ எடையுள்ள ஆண் நாய். வீட்டார் பொமரேனியன் என்று சொன்னாலும் இனத்தால் இந்தியன் ஸ்பிட்ஸ். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே இதயத்தில் முணுமுணுப்பு ஒலி கேட்டு, எக்கோ பரிசோதனையில் மைட்ரல் வால்வு நோய் உறுதியாகியிருந்தது. வால்வின் இதழ்கள் தடித்துச் சுருங்கி, மூட வேண்டிய நேரத்தில் முழுதாக மூடாமல், இடது கீழறையின் இரத்தம் ஒவ்வொரு துடிப்பிலும் மேலறைக்குத் திரும்பக் கசியும் நோய் இது. சிறிய இன நாய்களுக்கு முதுமையில் இதய நோய் வந்தால் பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும். இதயத்துக்கு வலுவூட்டும் பிமோபெண்டான் மாத்திரையை வீட்டார் நேரம் தவறாமல் கொடுத்து வந்தனர்.

2023 தீபாவளி முடிந்த அடுத்த வாரத்தில் இருமல் மிகுந்தது. பின்னர் ஓர் இரவு முழுவதும் படுக்காமல், முன்னங்கால்களை அகற்றி வைத்து, கழுத்தை நீட்டியபடி உட்கார்ந்தே இருந்ததாகச் சொல்லி அழைத்து வந்தனர். வெடிச் சத்தமும் புகையும் நோயைத் தூண்டினவா என்று வீட்டார் கேட்டனர். அச்சமும் படபடப்பும் தளர்ந்த இதயத்துக்குச் சுமைதான் என்றாலும், இந்த நிலைக்கு அவைதாம் காரணம் என்று உறுதியாகச் சொல்ல வழியில்லை. வந்தபோது ஈறுகள் சாம்பல் கலந்த நீலமாக இருந்தன. மூச்சு நிமிடத்துக்கு 70-ஐத் தாண்டியது. வயிற்றுத் தசைகள் ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளிழுத்தன. உதட்டில் பொருத்திய பல்ஸ் ஆக்சிமீட்டர் சாதாரணக் காற்றில் 86 விழுக்காடு காட்டியது. ஆரோக்கியமான நாய்க்கு இது 95-க்கு மேல் இருக்க வேண்டும்.

நுரையீரலில் நீர் கோத்திருப்பதை எக்ஸ்ரே காட்டியது. மருத்துவமனையின் ஆக்சிஜன் கூண்டில் வைத்து, சிறுநீரைப் பெருக்கி நீரை வடிக்கும் ஃபுரோசிமைடு ஊசியைத் திரும்பத் திரும்பச் செலுத்தி, பதற்றம் தணியச் சிறிதளவு பியூட்டோர்ஃபனால் கொடுத்ததில், மறுநாளுக்குள் நுரையீரல் பெருமளவு தெளிந்தது. ஆனால் எக்ஸ்ரே தெளிந்த அளவுக்கு நாய் தெளியவில்லை. கூண்டை விட்டு வெளியே எடுத்தால் சில நிமிடங்களில் ஆக்சிமீட்டர் 89, 90 என்று இறங்கியது. எக்கோவில் விடை கிடைத்தது. வலது பக்கத்து டிரைகஸ்பிட் வால்வின் கசிவு விநாடிக்கு 3.9 மீட்டர் வேகத்தில் பாய்ந்தது. வேகத்தின் வர்க்கத்தை நான்கால் பெருக்கினால் கிடைக்கும் அழுத்த வேறுபாடு ஏறத்தாழ 61 மில்லிமீட்டர் பாதரசம். இடது இதயத்தின் நீண்ட நாள் நெரிசல், நுரையீரல் தமனிகளின் அழுத்தத்தையும் உயர்த்திவிட்டிருந்தது.

வீட்டுக்கு அனுப்ப எடுத்த முடிவு

இந்த அழுத்தத்துக்குரிய மருந்து சில்டெனாஃபில். அதை முழு அளவில் உடனே தொடங்க முடியாது. நுரையீரல் தமனிகள் திடீரென்று விரிந்தால், ஏற்கெனவே நிரம்பி வழியும் இடது மேலறைக்கு மேலும் இரத்தம் பாய்ந்து, வடிந்த நீர் மறுபடியும் கோத்துக்கொள்ளக் கூடும். ஆகவே குறைந்த அளவில் தொடங்கி, மூச்சைக் கவனித்தபடி, சில நாள்கள் இடைவெளி விட்டு உயர்த்த வேண்டும். அதுவரை அந்த உடலுக்குக் கூடுதல் ஆக்சிஜன் தேவை. ஆக்சிஜன் குறைந்தால் நுரையீரல் இரத்தக் குழாய்கள் மேலும் சுருங்கும் என்பதால், இந்த நாய்க்கு ஆக்சிஜனே ஓரளவு மருந்தும் ஆனது.

மருத்துவமனையிலேயே வைத்திருக்கலாமே என்ற கேள்வி நியாயமானது. ஆனால் இந்த நாய் கூண்டில் உண்ண மறுத்தது. பக்கத்துக் கூண்டில் குரைப்புக் கேட்டபோதெல்லாம் எழுந்து நின்று மூச்சிரைத்தது. வீட்டில் ஓய்வுபெற்ற தம்பதியர் நாள் முழுவதும் உடனிருந்தனர். உறங்கும்போது மூச்சை எண்ணக் கற்றுக்கொண்டிருந்தனர். இவற்றைவிட முக்கியமாக, நோய் என்னவென்று தெரிந்திருந்தது, அதற்கு மருந்து இருந்தது, அம்மருந்து வேலை செய்ய எத்தனை நாள் ஆகும் என்பதும் தோராயமாகத் தெரிந்திருந்தது. வீட்டு ஆக்சிஜனைப் பரிந்துரைக்க நான் முதலில் பார்ப்பது இதைத்தான். எதற்காகக் காத்திருக்கிறோம் என்று சொல்ல முடியாத இடத்தில் ஆக்சிஜன் தரும் இயந்திரம் நோயறிதலைத் தள்ளிப்போடுவதற்கே பயன்படுகிறது. உண்ணி காய்ச்சலால் இரத்தம் குறைந்த நாய்க்கு ஹீமோகுளோபின் இல்லாத குறையை ஆக்சிஜன் ஈடுசெய்யாது. குரல்வளை அடைத்துத் திணறும் நாய்க்கு முதலில் மூச்சுப்பாதை திறக்கப்பட வேண்டும். இரண்டுக்கும் வீட்டில் ஆக்சிஜன் வைப்பது ஆபத்தான ஆறுதல்.

பெட்டியும் அதன் கணக்கும்

2021-இல் கோவிட் இரண்டாம் அலையின்போது ஆக்சிஜன் செறிவூட்டி என்ற சொல் நம் வீடுகளுக்குள் வந்தது. அப்போது கிடைக்காத இயந்திரம் இப்போது மாத வாடகைக்குக் கிடைக்கிறது. அறைக் காற்றை அழுத்தி, சியோலைட் என்னும் கனிமத் துகள்களின் வழியே செலுத்தி, நைட்ரஜனைப் பிடித்து வைத்துக்கொண்டு, ஏறத்தாழ 93 விழுக்காடு ஆக்சிஜனை வெளியே விடுவது அதன் வேலை. நிமிடத்துக்கு 5 லிட்டர் தரும் இயந்திரம் ஒன்றை வீட்டார் வாடகைக்கு எடுத்தனர். ஜப்பானில் செல்லப் பிராணிகளுக்கான ஆக்சிஜன் அறையையே வீட்டுக்கு வாடகைக்குத் தரும் சேவை நன்கு வேரூன்றியுள்ளது. இங்கே பெட்டியை நாமேதான் செய்துகொள்ள வேண்டும்.

முகமூடியை இந்த நாய் சகிக்கவில்லை. மூக்கில் குழாய் பொருத்தித் தைப்பது மருத்துவமனைக்குச் சரி. வீட்டில் அது கழன்றால் திரும்பப் பொருத்த ஆளில்லை. ஆகவே வீட்டிலிருந்த கம்பிக் கூண்டின் பக்கங்களையும் மேற்புறத்தையும், மீட்டர் கணக்கில் கிடைக்கும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் விரிப்பால் மூடச் சொன்னோம். நீளம் 90, அகலம் 60, உயரம் 65 சென்டிமீட்டர். கொள்ளளவு ஏறத்தாழ 350 லிட்டர். நாய் நின்று திரும்பவும், நீட்டிப் படுக்கவும், எந்தப் பக்கமிருந்தும் வீட்டாரைப் பார்க்கவும் முடிந்தது. ஆக்சிஜன் குழாய் கீழ்ப்புறத்தில், முகத்தில் நேரே அடிக்காதபடி நுழைந்தது. மேல் விளிம்பை ஒட்டிச் சில துளைகள் விடப்பட்டன.

இந்தத் துளைகளைப் பற்றித்தான் வீட்டாரோடு அதிகம் பேச வேண்டியிருந்தது. ஆக்சிஜன் வீணாகிறதே என்று துளைகளை டேப் ஒட்டி அடைப்பது எல்லோருக்கும் இயல்பாகத் தோன்றும் செயல். தடுக்க வேண்டிய முதல் செயலும் அதுவே. கணக்கைப் பார்த்தால் விளங்கும். 8 கிலோ நாய் ஓய்வில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 50 மில்லி லிட்டர் ஆக்சிஜனைச் செலவிட்டு, சற்றொப்ப அதே அளவு கரியமில வாயுவை வெளிவிடுகிறது. ஒழுக்கே இல்லாத பெட்டியில் நிமிடத்துக்கு 5 லிட்டர் மட்டும் நுழைந்து வெளியேறினால், உள்ளே கரியமில வாயு ஒரு விழுக்காட்டை எட்டி நிற்கும். வெளிக்காற்றில் அது 0.04 விழுக்காடுதான். ஆக்சிஜனை மிச்சப்படுத்துவதாக நினைத்து ஓட்டத்தை ஒரு லிட்டராகக் குறைத்தால் அது ஐந்து விழுக்காட்டை நோக்கிப் போகும். அந்நிலையில் மிகைக் கரியமில வாயுவே மூச்சிரைப்பை உண்டாக்கும். அதைக் கண்டு நோய் முற்றிவிட்டதென்று வீட்டார் அஞ்சுவர்.

எங்கள் பெட்டியில் கையடக்க ஆக்சிஜன் அளவி 38 விழுக்காட்டைக் காட்டியது. 93 விழுக்காடு வாயு 5 லிட்டர் நுழையும்போது உள்ளே 38 இருக்கிறதென்றால், துளைகளின் வழியே நிமிடத்துக்குச் சுமார் 16 லிட்டர் அறைக் காற்றும் கலந்துகொண்டிருக்கிறது என்று பொருள். மொத்தம் 21 லிட்டர் ஓட்டத்தில் கரியமில வாயு கால் விழுக்காடு அளவிலேயே நின்றுவிடுகிறது. அதாவது அந்த ஒழுக்கு தேவையானது. துளைகளை அடைத்து உள்ளே 70 விழுக்காட்டுக்கு ஏற்றியிருந்தால் ஓட்டம் சுமார் 7 லிட்டராகச் சுருங்கி, கரியமில வாயு மூன்று மடங்கு சேர்ந்திருக்கும். 60 விழுக்காட்டுக்கு மேல் ஓரிரு நாள்களுக்கு மேலாகச் சுவாசித்தால் ஆக்சிஜனே நுரையீரல் திசுவைப் புண்படுத்தும் என்ற தொல்லையும் கூடியிருக்கும். 35-க்கும் 45-க்கும் இடையில் இருந்தால் போதும் என்பதே எங்கள் இலக்கு.

கதவைத் திறந்தால் என்ன ஆகும் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவைத்தோம். இத்தனை பெரிய பெட்டி 21-லிருந்து 40 விழுக்காட்டை எட்ட, ஒழுக்கே இல்லை என்று வைத்துக்கொண்டாலும், 20 நிமிடங்களுக்கு மேலாகும். அரை மணிக்கொருமுறை திறந்து தடவிக் கொடுத்தால் உள்ளே வெறும் அறைக் காற்றுதான் இருக்கும். ஆகவே மருந்து, உணவு, சிறுநீர் கழித்தல் மூன்றையும் ஒரே திறப்பில் முடிப்பது என்று ஏற்பாடு. ஃபுரோசிமைடு கொடுத்த நாயைச் சிறுநீருக்கு விடாமல் இருக்கவும் முடியாது. பெட்டிக்குள் உறிஞ்சு விரிப்பும் போடப்பட்டது.

வெப்பம் மற்றொரு சிக்கல். ஓய்விலிருக்கும் 8 கிலோ நாயின் உடல் ஏறத்தாழ 16 வாட் வெப்பத்தை வெளியிடுகிறது. பழைய சிறு குண்டு பல்பு ஒன்றை அந்தப் பெட்டிக்குள் இடைவிடாமல் எரியவிட்டதற்கு ஒப்பு. நாய்க்கு வியர்வை வழியே குளிர்ச்சி கிடையாது. வாயைத் திறந்து இரைத்துத்தான் ஆற வேண்டும். இரைப்பு கூடினால் ஈரமும் கூடும். ஈரம் கூடினால் இரைப்பால் ஆறும் பயன் குறையும். வீட்டுக்குப் போன முதல் நாள் மாலையிலேயே அந்த அம்மாள் தொலைபேசியில் அழைத்து, "டாக்டர், பெட்டிக்குள்ள விட்டா இன்னும் ஜாஸ்தியா மூச்சு வாங்குது" என்றார். பிளாஸ்டிக்கின் உட்புறம் நீர் முத்து முத்தாகப் படிந்திருக்கிறதா என்று கேட்டேன். ஆம் என்றார். "கதவைத் திறந்து வெளியே எடுத்துடுங்கம்மா, அறை குளிரட்டும்" என்றேன். இயந்திரம் கூண்டிருந்த அதே அறையில் இருந்ததே காரணம். சுமார் 350 வாட் இழுக்கும் அந்தச் செறிவூட்டி அத்தனையையும் மூடிய அறைக்குள் வெப்பமாகக் கொட்டிக்கொண்டிருந்தது. அதைக் கூடத்துக்கு மாற்றி, நீண்ட குழாயின் வழியே ஆக்சிஜனைக் கொண்டுவந்து, ஏசியை 23 டிகிரியில் வைத்ததும் இரைப்பு அடங்கியது. இயந்திரத்தின் இடைவிடாத உறுமலும் நாயை விட்டு விலகியது. ஈரப்பதமூட்டும் குப்பியையும் கழற்றிவிட்டோம். மூக்கின் வழியே இயல்பாகச் சுவாசிக்கும் நாய்க்கு, அதுவும் சென்னைக் காற்றில், அது தேவையில்லை. துணி சுற்றிய ஐஸ் பாட்டில் ஒன்று பெட்டியின் மூலையில் எப்போதும் இருந்தது.

தீ பற்றிய எச்சரிக்கை சுருக்கமானது, ஆனால் அந்த வாரத்தில் மிகப் பொருத்தமானது. நவம்பர் 26 கார்த்திகைத் தீபம். ஆக்சிஜன் தானே எரியாது. எரிவதை மூர்க்கமாக எரியவைக்கும். விளக்குகள் வாசலோடும் பால்கனியோடும் நின்றன. பூஜை அலமாரி கூடத்திலேயே இருந்ததால் ஊதுபத்தி, சாம்பிராணி, கொசுவர்த்தி மூன்றும் சில வாரங்களுக்கு விலக்கப்பட்டன. எண்ணெய்க் கையோடு, மின்தடைக்கென வாங்கி வைத்திருந்த ஆக்சிஜன் சிலிண்டரின் ரெகுலேட்டரைத் தொடக் கூடாது என்பதையும் எழுதிக் கொடுத்தோம்.

கண்காணிப்பும் புயல் நாள்களும்

வீட்டில் ஆக்சிமீட்டரை நம்ப வேண்டாம் என்றே சொன்னோம். மனித விரலுக்கான கிளிப் நாயின் காதிலோ விரலிடுக்கிலோ ஒரு முறை 97, மறு முறை 81 என்று காட்டி வீட்டாரைக் கலங்க வைக்கும். அதற்குப் பதிலாக, நன்றாக உறங்கும்போது நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று எண்ணிக் குறிப்பேட்டில் எழுதினர். சீரான நாய்க்கு அது 30-க்குள் இருக்கும். வீடு திரும்பிய இரவு 46. சில்டெனாஃபிலை முதல் முறை உயர்த்திய பிறகு 40-க்குக் கீழே வந்தது. எண்ணிக்கையோடு, தலையை நீட்டி வைத்துப் படுக்கிறதா, சுருண்டு படுக்கிறதா என்பதையும் எழுதச் சொல்லியிருந்தோம். சுருண்டு படுத்த முதல் இரவைப் பற்றிய குறிப்பு, எண்களைவிட எனக்கு நம்பிக்கை தந்தது.

டிசம்பர் 3 இரவு தொடங்கி மிக்ஜாம் புயலின் மழை சென்னையைச் சூழ்ந்தது. 4-ஆம் தேதி வேளச்சேரிச் சாலைகளில் வண்டி செல்ல முடியாத அளவுக்கு நீர் நின்றது, மின்சாரம் நிறுத்தப்பட்டது. மின்சாரம் போனால் செறிவூட்டி வெறும் பெட்டி. வீட்டு இன்வெர்ட்டரின் 150 ஆம்பியர்-மணி பேட்டரி, ஏசி இல்லாமல் இயந்திரத்தை மட்டும் ஓட்டினாலும் நான்கு மணி நேரம் தாங்கினால் அதிகம். இதற்காகவே, வாடகைக்கு எடுத்த நாளிலேயே, பி வகைச் சிலிண்டர் ஒன்றும் வாங்கி, சுவரோடு சங்கிலியிட்டு நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. கறுப்பு உடலும் வெள்ளைத் தோளும் கொண்ட அந்தச் சிலிண்டரில் சுமார் 1,500 லிட்டர் ஆக்சிஜன் இருக்கும். பெட்டியை நிரப்ப நிமிடத்துக்கு 5 லிட்டர் விட்டால் ஐந்து மணி நேரத்தில் தீர்ந்துவிடும்.

ஆகவே பெட்டியைக் கைவிட்டோம். ஓட்டம் நின்ற மூடிய பெட்டியில் நாயை ஒரு நிமிடமும் விடக் கூடாது என்பது முதல் அறிவுறுத்தல். அடுத்து, புண்ணை நக்காதிருக்கப் போடும் கூம்பு வடிவக் கழுத்துப் பட்டையின் வாயை, மேலே கால் பங்கு திறப்பு விட்டு, மெல்லிய பிளாஸ்டிக்கால் மூடி, கீழ்ப்புறமாகக் குழாயை நுழைத்து, நிமிடத்துக்கு 2 லிட்டர் மட்டும் விடச் சொன்னோம். இப்படி விட்டால் சிலிண்டர் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் வரும். இந்த ஏற்பாட்டை வெயில் நாளில் ஒரு முறை ஒத்திகை பார்த்திருந்ததால், இருட்டில் மொபைல் வெளிச்சத்தில் அவர்களால் செய்ய முடிந்தது. மழைக் குளிர் ஏசியின் இடத்தை நிரப்பியது. மூச்சு 50-ஐத் தாண்டினால் ஒரு வேளை ஃபுரோசிமைடு கூடுதலாகத் தரலாம் என்று முன்பே அளவு எழுதிக் கொடுத்திருந்தோம்; அன்று நள்ளிரவில் ஒரு முறை அது தேவைப்பட்டது. தூங்கும் நேரங்களில் சிலிண்டரை மூடிவைத்தும் பார்த்தனர். அப்போதும் மூச்சு ஏறவில்லை. மருந்து பிடிக்கத் தொடங்கிவிட்டதென்பதைப் புயலே எங்களுக்குக் காட்டியது என்று சொல்லலாம்.

விலக்கியது

மின்சாரம் மீண்ட பின் ஆக்சிஜனைக் குறைக்கத் தொடங்கினோம். பொதுவாக ஓட்டத்தை 5, 4, 3 என்று இறக்கத் தோன்றும். மேலே சொன்ன கணக்கின்படி, மூடிய பெட்டியில் அது கரியமில வாயுவைச் சேர்க்கும் வழி. எனவே ஓட்டத்தைத் தொடாமல், பெட்டிக்கு வெளியே இருக்கும் நேரத்தை நீட்டினோம். முதலில் பகலில் சில மணி நேரம், பிறகு பகல் முழுவதும், கடைசியில் இரவும். ஜனவரித் தொடக்கத்தில் இயந்திரம் திருப்பி அனுப்பப்பட்டது. அப்போது உறக்க மூச்சு 28. டிரைகஸ்பிட் கசிவின் வேகம் விநாடிக்கு 3.3 மீட்டர். சிறுநீர் பெருக்கி மருந்தின் விலையாக, சிறுநீரகம் தளர்வதைக் காட்டும் கிரியேட்டினின் இரத்தத்தில் 1.3-லிருந்து 2.0-க்கு ஏறியிருந்ததால் அளவைச் சற்றுக் குறைத்தோம். நாய் மாடிப்படி ஏறத் தூக்கிச் செல்லப்பட்டது; மற்றபடி தெருவில் மெதுவாக நடந்தது, நன்றாக உண்டது.

2024 மே மாதம், கத்திரி வெயிலில், எந்த முன்னறிகுறியும் இன்றி மீண்டும் மூச்சுத்திணறல் வந்தது. எக்கோவில் மைட்ரல் வால்வின் ஓர் இதழ் கட்டவிழ்ந்து மேலறைக்குள் மடிந்து ஆடியது. இதழைப் பிடித்திருக்கும் பெரிய நாண் ஒன்று அறுந்திருக்க வேண்டும். ஊசி மருந்துகளுக்கும் மருத்துவமனை ஆக்சிஜனுக்கும் ஒரு நாள் முழுதும் பலனில்லை. செறிவூட்டியை மறுபடி வாடகைக்கு எடுக்கிறோம், வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்கிறோம் என்று வீட்டார் கேட்டனர். சென்ற முறை அது உதவியதைக் கண்டவர்கள் அப்படிக் கேட்பது இயல்பே. ஆனால் சென்ற முறை சில்டெனாஃபில் வேலை செய்யும்வரை என்ற எல்லை இருந்தது. இம்முறை வால்வை அறுவை செய்து சீராக்குவதைத் தவிர வேறு எதற்கும் காத்திருக்க இயலாது, அந்த அறுவையும் இங்கே அவர்களுக்கு எட்டும் நிலையில் இல்லை. நாற்பது விழுக்காடு ஆக்சிஜனிலும் உட்கார்ந்தே மூச்சிரைக்கும் நாயை வீட்டுப் பெட்டியில் வைப்பது அதன் திணறலை நீட்டுவதாகவே முடியும் என்று சொன்னேன். வெளியூரிலிருந்து மகள் வரும்வரை சில மணி நேரம் மட்டும், மயக்க மருந்தின் துணையோடு, கூண்டில் ஆக்சிஜன் தொடர்ந்தது. அவர் வந்த பின் கருணைக்கொலைக்கு வீட்டார் சம்மதித்தனர். உடற்கூறாய்வை அவர்கள் விரும்பவில்லை. ஆகவே நாண் அறுந்தது என்பது எக்கோ காட்சியை மட்டும் வைத்துச் சொல்லும் முடிவாகவே இந்தப் பதிவில் நிற்கிறது.